நாங்கள் கூண்டு போட்டுக் காத்த புதர்

ஓடைச் சரிவில் பதினொரு நாற்றுகளுக்கு நாங்கள் கூண்டு போட்டிருந்தோம். ஒவ்வொன்றுக்கும் மூன்று மூங்கில் குச்சி, சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை. முயல் கடித்துவிடக் கூடாது என்பதற்காக. அவை ஓடைக்கரையைப் பேணும் எங்கள் குழு நட்டவை அல்ல, தானாக முளைத்தவை. நட்டு வளர்த்ததைவிடத் தானாக முளைத்ததுதான் உண்மையில் அந்த மண்ணுக்குச் சொந்தம் என்று நாங்கள் நம்பினோம். அதனால் இரண்டு வருடம் அவற்றுக்குத் தனி கவனம். கோடையில் கேனில் தண்ணீர் சுமந்துபோய் ஊற்றியவர்களும் எங்களில் உண்டு.

அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட அந்த மண்ணுக்கு உரியதல்ல. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. நடுவில் ஒரு தவறான பெயரை நானே பதிவும் செய்துவிட்டேன். எங்கே சறுக்கினோம், எது கடைசியில் பிடி கொடுத்தது என்பதை முழுதாக எழுதி வைக்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

இடமும் செடியும்

இடம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். மெல்போர்னுக்கு மேற்கே பெரிய எரிமலைப்பாறைச் சமவெளி ஒன்று விரிந்து கிடக்கிறது. மேலே புல்வெளி. அதை அறுத்துக்கொண்டு ஓடும் ஓடைகளின் கரைகளில் கறுப்புப் பாறைச் சரிவு. மரமும் புதரும் பெரும்பாலும் அந்தச் சரிவுகளில்தான். அங்கே இயற்கையாக வளரும் வாட்டில்களில் முக்கியமானவை தங்க வாட்டில் எனப்படும் அக்கேஷியா பிக்னாந்தா, பிளாக் வாட்டில் எனப்படும் மியர்ன்சியை, லைட்வுட் எனப்படும் இம்ப்ளெக்ஸா.

வாட்டில் என்பது ஆஸ்திரேலிய அக்கேஷியாக்களுக்கு மக்கள் வைத்திருக்கும் பொதுப் பெயர். நீலகிரியில் சீகை மரம் என்கிறார்களே, 19-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் விறகுக்காகக் கொண்டுவந்து, பிறகு புல்வெளிகளை விழுங்கியது, அதுவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆஸ்திரேலியாவில் சுமார் ஆயிரம் வகை இருக்கின்றன. தங்க வாட்டில் 1988 முதல் அந்த நாட்டின் தேசிய மலர். இவ்வளவு பெருமை உள்ள செடிக் கூட்டம் என்பதால் ஒரு குழப்பமும் கூடவே வருகிறது. ‘வாட்டில்தானே, நம்ம நாட்டுச் செடிதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த நாடு ஒரு கண்டம். மேற்குக் கோடியில் பிறந்த செடி கிழக்குக் கோடியில் வந்து இறங்கினால் அது வேற்று நாட்டுச் செடி செய்யும் வேலையைத்தான் செய்யும்.

சரி, செடிக்கு வருகிறேன். சரிவில் அந்த நாற்றுகளோடு, அதே வகையில் பெரிய புதர்களும் ஏழு இருந்தன, இரண்டரை மீட்டர் வரை உயரம். அடியிலிருந்தே கிளைத்து, நுனிகள் வளைந்து தொங்கும். இலை நீளம், ஒடுக்கம், நீலம் கலந்த சாம்பல் பச்சை. இளந்தளிர் நுனியில் மட்டும் லேசான ஊதாச் சாயல். பார்க்க அழகான செடி, அதில் சந்தேகமே இல்லை. தோட்டக்காரர்கள் இதை ஏன் தேடி வாங்குகிறார்கள் என்பது பின்னால் நன்றாகவே புரிந்தது.

இலை என்று சொன்னேனே தவிர அது உண்மையில் இலை இல்லை, ஃபில்லோடு. இலைக்காம்பே தட்டையாக விரிந்து இலையின் வேலையைப் பார்க்கும் அமைப்பு. கூண்டுக்குள் இருந்த நாற்று ஒன்றில் இதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. கீழே முதலில் வந்தவை சீகைக்காய் இலை மாதிரி சின்னச் சின்ன இலையடுக்குகள். அதற்கு மேலே ஒரு காம்பு கொஞ்சம் தட்டையாகி, அதன் நுனியில் மட்டும் அந்தச் சிற்றிலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இன்னும் மேலே போனால் சிற்றிலையே கிடையாது, வாள் போன்ற தட்டைக் காம்பு மட்டும். ஒரே விரல் நீளத் தண்டில் மூன்று கட்டமும். இது வாட்டில்தான் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. எந்த வாட்டில் என்பதுதான் கேள்வி.

முதல் பெயர், இரண்டாம் பெயர்

முதல் பெயரை யாரும் ஆராய்ந்து வைக்கவில்லை. சரிவில் தங்க வாட்டில் உண்டு, இதுவும் சரிவில் இருக்கிறது, ஆகவே தங்க வாட்டில். கூண்டு வந்தது இப்படித்தான். கொஞ்சம் நின்று பார்த்திருந்தாலே இது உடைந்திருக்கும். தங்க வாட்டிலின் ஃபில்லோடு தடித்து, தோல் போல, நல்ல பச்சையாக மினுங்கும். இளஞ்செடியில் அது இன்னும் அகலமாகவே இருக்கும். எங்கள் நாற்றுகளில் இருந்ததோ அரை சென்டிமீட்டர் அகல நீலப் பட்டைகள். ‘நிழலில் வளர்ந்ததால் மெலிந்திருக்கும்’ என்று நாங்களே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டோம். அந்தச் சரிவில் நிழலே கிடையாது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

இரண்டாம் பெயர் ஒரு ஜனவரியில் வந்தது. களை எடுக்க வந்த ஒப்பந்த ஊழியர் ஒருவர் வண்டியில் இருந்தபடியே, ‘அது சலிக்னா, வெட்டணும்’ என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கேஷியா சலிக்னா மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையைச் சேர்ந்தது. நட்ட இடத்தைத் தாண்டி நாட்டின் தெற்கெங்கும் பரவிய பெயர்போன களை. கைபேசிச் செயலியில் படம் எடுத்துப் போட்டேன். அதுவும் முதலில் சலிக்னா என்றது. இரண்டு பக்கமும் ஒரே பெயர். நான் அதை நம்பி, சலிக்னா என்றே பதிவு செய்து அனுப்பிவிட்டேன்.

இந்தத் தவறைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது எல்லோருக்கும் நடக்கக்கூடியது. செயலி தன்னிடம் வந்து சேர்ந்த படங்களை வைத்துத்தான் பேசுகிறது. சலிக்னாவின் ஃபில்லோடு அளவில் தாறுமாறாக மாறும். ஒடுக்கமாகவும் இருக்கும், இரண்டு சென்டிமீட்டர் அகலமாகவும் இருக்கும், நீலச் சாயலும் உண்டு. அதனால் ஒடுங்கிய நீல இலையுள்ள எந்த வாட்டிலையும் சலிக்னாவின் கணக்கில் எழுதிவிடலாம். வண்டியில் இருந்து பார்த்தவரும் அதே தூரத்தில் இருந்து, அதே இலையைத்தான் பார்த்தார். இரண்டு சாட்சிகள் என்று நான் நினைத்தவை உண்மையில் ஒரே சாட்சிதான்.

சந்தேகம் வந்தது காயால். ஜனவரியில் புதரில் பழைய நெற்றுகள் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தன. பதிவு அனுப்பிய பிறகு, ஒரு நாள் வீட்டில் அவற்றை மேசையில் பரப்பினேன். பதினோரு சென்டிமீட்டர் நீளம், ஒன்பது மில்லிமீட்டர் அகலம். தட்டை, ஓரங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர். சலிக்னா நெற்று அப்படி இருக்காது. ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு ஒடுங்கி, விதைக்கும் விதைக்கும் இடையில் லேசாக இடுப்பு வைத்திருக்கும். மறுநாள் காலையில் லென்ஸோடு திரும்பிப் போனேன். சலிக்னாவில் ஃபில்லோடு தண்டோடு சேரும் இடத்திலேயே, அடி விளிம்பில், வட்டமான ஒரு சுரப்பி தெளிவாகத் தெரியும். இங்கே அந்த இடம் வெறுமையாக இருந்தது. கொஞ்சம் மேலே தள்ளி, தேடித்தான் பிடிக்க முடிந்த ஒரு சின்னப் புள்ளி மட்டும்.

ஆக, சலிக்னா இல்லை. தங்க வாட்டிலும் இல்லை. கட்டை விரலால் ஃபில்லோடைத் தேய்த்தால் நீலப் பொடி விரலில் ஒட்டிக்கொண்டது, அடியில் பச்சை தெரிந்தது. நீலம் மெழுகுப் பூச்சால் வருவது, மயிரால் அல்ல. இதனால் வெள்ளிமயிர் போர்த்திய தோட்ட வாட்டில்கள் சில விலகின. ஃபில்லோடின் நடுவில் ஒரே ஒரு நரம்பு. அதனால் பல நரம்புகள் இணையாக ஓடும் லாங்கிஃபோலியா, மெலனாக்சிலான் போன்ற வாட்டில்களும் விலகின. மிச்சம் ஒரு கைப்பிடிப் பெயர்கள் இருந்தன. பூ இல்லாமல் அதற்கு மேல் நகர முடியவில்லை.

ஏப்ரல்

பூ வரும்வரை காத்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பெரும்பாலான வாட்டில்கள் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் பூக்கும். ஆகஸ்ட்டில் போனால் போதும் என்று இருந்திருந்தால் முக்கியமானதைத் தவறவிட்டிருப்போம். காப்பாற்றியது நண்பரின் மகள். பன்னிரண்டு வயது. ஏப்ரல் ஞாயிறு ஒன்றில் அப்பாவோடு குப்பை பொறுக்க வந்திருந்தாள். பெரியவர்கள் நிமிர்ந்து பார்த்த புதரை அவள் கிளையை இழுத்து, மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

“மாமா, இங்க பாருங்க. குட்டிக் குட்டியா கோதுமைக் கதிர் ஒட்டிக்கிட்டு இருக்கு.”

அப்படியேதான் இருந்தது. ஃபில்லோடின் கக்கத்தில், ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு கூம்பு. ஓடு வேய்ந்த கூரை மாதிரி செதில்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடுக்கியிருந்தன. லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு செதிலும் வெளிர்ப் பச்சை, ஓரம் பழுப்பு, அந்த ஓரத்தில் இமை மயிர் போல மெல்லிய இழைகள். ஊசியால் ஒரு செதிலைத் தூக்கினேன். அதன் மடியில் ஒரு கடுகளவு மொட்டுருண்டை உட்கார்ந்திருந்தது. அடுத்த செதிலிலும் ஒன்று. மொத்தப் பூங்கொத்தும் இந்தப் பூவடிச்செதில்களுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

எல்லா வாட்டிலிலும் பூவடிச்செதில் உண்டு. ஆனால் இளங்கொத்து முழுவதையும் இப்படிக் கூம்பாக மூடிவைக்கும் அளவுக்குப் பெரிய செதில்கள் சில வகைகளில் மட்டும்தான். வீட்டுக்கு வந்து திறவுகோல் நூலில் (ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று போய்ச் செடியின் பெயரை எட்டும் நூல் அது) அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று போனதும் இரண்டே பெயர்கள்தான் பொருந்தின: சுவாவியோலென்ஸ், இட்டியாஃபில்லா.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது ஒரு செதில்கூடக் கிளையில் இல்லை. கொத்துகள் நீண்டுவிட்டன, செதில்கள் உதிர்ந்துவிட்டன. புதருக்கு அடியில் தவிடு சிந்திய மாதிரி கிடந்தன. முழுப் பூவில் எடுக்கும் படங்களில் இந்த அடையாளம் இருப்பதே இல்லை. எல்லோரும் படம் எடுப்பது அந்த நேரத்தில்தான். இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. ஒரு செடி தன் பெயரைச் சொல்லும் பத்துப் பதினைந்து நாளில் நாம் அங்கே இல்லை, பிறகு வந்து இலையை அளந்துகொண்டிருக்கிறோம்.

இரண்டில் எது?

சுவாவியோலென்ஸ் என்பது நல்ல மணமுள்ள ஸ்வீட் வாட்டில். விக்டோரியாவின் கடலோர மணல் நிலங்களில் இயற்கையாகவே உண்டு. இட்டியாஃபில்லா தெற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடர், காலர் மலைத்தொடர், ஐர் தீபகற்பம் ஆகியவை அதன் பிறப்பிடம். கிரேக்கத்தில் ‘இட்டியா’ என்றால் வில்லோ மரம். வில்லோ இலை கொண்டது என்று பெயரே சொல்கிறது. மக்கள் வழக்கில் ஃப்ளிண்டர்ஸ் ரேஞ்ச் வாட்டில்.

எது என்பதில் ஒரு சங்கடம் இருந்தது. முதலாவது என்றால் அந்த மாநிலத்துச் செடி. இரண்டாவது என்றால் வெளியிலிருந்து வந்தது. குழுவில் சிலருக்கு முதலாவதாக இருந்துவிட வேண்டும் என்று உள்ளூர ஆசை. எனக்கும் இருந்தது, மறைக்கவில்லை. இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றிய செடி.

காய் தீர்த்துவைத்தது. சுவாவியோலென்ஸ் காய் குட்டையானது, இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர்தான். நீளத்துக்குப் பொருந்தாத அகலம், மழுங்கிய முனை. அதற்குள் விதைகள் குறுக்காகக் கிடக்கும். எங்கள் நெற்றோ பதினோரு சென்டிமீட்டர் பட்டை. விரித்துப் பார்த்தேன். விதைகள் நெற்றின் நீளவாக்கிலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருந்தன. சுவாவியோலென்ஸின் இளங்கிளை கூர்மையான மூலைகளோடு முக்கோணமாக, கையில் உருட்டினால் தட்டும். எங்களுடையதில் நுனியில் மட்டும் லேசான விளிம்பு, கீழே வர வர உருண்டை. ஜூனில் பூ விரிந்தபோது மிச்ச சந்தேகமும் போனது. எலுமிச்சை மஞ்சள் உருண்டைகள், ஒவ்வொன்றிலும் பத்துக்கு மேல் பூக்கள். சுவாவியோலென்ஸில் பூ நிறம் இன்னும் வெளுத்து, எண்ணிக்கையும் பத்தைத் தாண்டாமல் இருக்கும். சலிக்னாவில் ஓர் உருண்டைக்கு 25-க்கும் மேலே போகும், நிறமும் தங்கம்.

இடமும் ஒத்துப்போகவில்லை. கடலோர மணல் செடி ஒன்று, உள்நாட்டுப் பாறைச் சரிவில் தானாக வந்து ஊன்றுவது கடினம். ஃப்ளிண்டர்ஸ் மலைச் செடிக்கோ காய்ந்த பாறைச் சரிவு பிறந்த வீடு மாதிரி.

உலர்மாதிரி செய்து ஹெர்பேரியத்துக்கு, அதாவது உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைத்து ஆராயும் காப்பகத்துக்கு, அனுப்பினோம். மாதிரியை இரண்டு முறையாகச் சேர்த்தோம்: ஏப்ரல் கிளை, ஜூன் பூ, அதோடு நெற்றும் விதையும். உதிர்ந்த செதில்களைத் தனிக் காகித உறையில் போட்டு ஒட்டினோம். செடியின் உயரம், கிளைக்கும் விதம், பூ நிறம், பாறையின் வகை, சுற்றிலும் இருந்த செடிகள் எல்லாம் குறிப்பில் எழுதினோம். பூ நிறமும் மெழுகுப் பூச்சும் காய்ந்த மாதிரியில் நிலைக்காது. அதை எழுதாவிட்டால் வேறு யாராலும் மீட்க முடியாது. பதில் வந்தது: அக்கேஷியா இட்டியாஃபில்லா.

நட்டதா, வந்ததா, ஊன்றியதா

பெயர் கிடைத்ததும் வேலை முடியவில்லை. அடுத்த கேள்வி இதைவிடப் பெரியது. இது யாரோ நட்டதா? நட்ட செடியிலிருந்து தப்பி வந்த ஓரிரண்டா? அல்லது மனிதர் உதவி இல்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பெருகத் தொடங்கிவிட்டதா? மூன்றாவதைத்தான் தாவரவியலில் இயல்பாகிவிட்ட செடி என்பார்கள். பதிவில் எதை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து யார் என்ன செய்வார்கள் என்பது அமையும்.

மூலம் சுலபமாகக் கிடைத்தது. சரிவுக்கு மேலே, சுமார் இருநூறு மீட்டரில், ஒரு பழைய பண்ணை வீட்டின் காற்றுத்தடுப்பு வேலி. ஒரே இடைவெளியில் நட்ட முதிய புதர்கள், அதே நீல இலை, அதே நெற்று. வீட்டுக்காரர் நல்ல மனிதர். ‘நாட்டுச் செடி, தண்ணீர் கேட்காது, சீக்கிரம் வளரும்’ என்று நர்சரியில் சொல்லி வாங்கியதாகச் சொன்னார். மூன்றும் உண்மைதான். எந்த ஊர் நாட்டுச் செடி என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

பிறகு சரிவை முழுக்க நடந்து, ஒவ்வொரு செடியையும் வரைபடத்தில் குறித்தோம். வேலியிலிருந்து நேர்கீழே நாற்றுகள் அடர்த்தி, அது எதிர்பார்த்ததே. கவனம் வைத்தது ஓடை ஓரமாகக் கீழ்த்திசையில், வேலியின் விதை நேராக வந்து விழ முடியாத தூரத்தில் நின்ற ஒரு புதர்மேல். யாரும் நட்டதல்ல, பாறை இடுக்கில் முளைத்தது. அதில் நெற்று இருந்தது. அதன் அடியில் முழங்கால் உயரத்தில் நான்கு செடிகள், அவற்றின் காலடியில் சிற்றிலை மாறாத நாற்றுகள். வேலி ஒரு தலைமுறை. பாறை இடுக்குப் புதர் இரண்டாவது. முழங்கால் செடி மூன்றாவது. இதைப் பார்த்த பிறகுதான் ‘இயல்பாகிவிட்டது’ என்று எழுதினேன்.

விதை அவ்வளவு தூரம் எப்படிப் போனது? மழையில் ஓடை கொண்டுபோயிருக்கலாம். எறும்பும் ஒரு வழி. வாட்டில் விதையின் காம்பு நுனியில் கொழுப்புச் சத்துள்ள ஒரு சதைக் கட்டி இருக்கும். எறும்புகள் அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துப்போய், சதையைத் தின்றுவிட்டு விதையை அங்கேயே விட்டுவிடும். கடினமான ஓடு உள்ள விதை. மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடந்து, தீயின் சூடு பட்டால் ஓடு விட்டு மொத்தமாக முளைக்கும். அதனால் புதரை வெட்டிய நாளில் வேலை முடிவதில்லை.

செய்தது

கூண்டுகளை நாங்களே பிரித்தோம். நாற்றுகளை மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்கினோம். பெரிய புதர்களை நெற்று பழுப்பதற்கு முன்பே அடியில் அறுத்து, வெட்டுவாயில் உடனே களைக்கொல்லி தடவினோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்கவில்லை. அந்தப் புதர்களுக்குள் சின்னக் குருவிகள் அடைந்துகொண்டிருந்தன. முதலில் அதே சரிவில் சேகரித்த விதையிலிருந்து வளர்த்த தங்க வாட்டிலை நட்டு, அது மார்பளவு வந்த பிறகுதான் கடைசி மூன்று புதரை எடுப்பது என்று முடிவு செய்தோம். சிலர் இது தாமதம் என்றார்கள். நெற்றை வருடாவருடம் கிள்ளிவிட்டுக்கொண்டிருந்தால் அது தாமதமல்ல என்பது என் கருத்து.

வேலியை எடுக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தவில்லை. வீட்டுக்காரருக்கு அந்த நெற்றையும் பாறை இடுக்குச் செடியின் படத்தையும் காட்டினோம். வேலியைப் பகுதி பகுதியாக மாற்றிக்கொள்ள அவரே ஒத்துக்கொண்டார்.

நான் அனுப்பிய சலிக்னா பதிவைத் திருத்தினேன். அதை அழித்துவிடவில்லை. தவறு, காரணம், திருத்திய பெயர், எதை வைத்துத் திருத்தினோம் என்று கீழேயே எழுதினேன். அதே சரிவைப் பார்க்க வரும் அடுத்த ஆளும் முதலில் இலையைத்தான் பார்ப்பார்.

நண்பரின் மகள் வரைந்து கொடுத்த கோதுமைக் கதிர்ப் படம் இப்போது செடிகளை அடையாளம் காண எங்கள் குழு வைத்திருக்கும் தாளில் இருக்கிறது. பக்கத்தில் ‘ஏப்ரல்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறோம். ஓடையின் மறுகரையில் இதே நீல இலையோடு இரண்டு இளம்புதர்கள் நிற்கின்றன. இன்னும் பூக்கும் பருவம் வரவில்லை, காயும் கிடையாது. எங்கள் வரைபடத்தில் அவற்றுக்கு நேரே பெயர் எழுதவில்லை, வட்டம் மட்டும் போட்டிருக்கிறோம்.